சாம்பல்தீவில் ஒரு கோடு

அலையின் நீளம் இரண்டாயிரத்து இருநூறு மீற்றர்.
என் வளவின் நீளம் அறுபது.
மிச்சத்தை
நீலநிறத் தண்ணீர்ப் பீப்பாயில் சுற்றி வைத்தேன்,
முந்நூற்றுப் பத்துச் சுற்று,
இரண்டு தரம் எண்ணிக்கை தவறி.

கம்பியின் ஒரு நுனி தண்ணீர்த் தாங்கியில்,
மறு நுனி வேலியோரப் பனையில்.

துறைமுகத்துக்கு அப்பால், கிண்ணியாவில்,
கணினித் திரைக்கு முன் நௌஸாத்.
குற்று ஒன்றுக்கு முப்பது நொடி.
கோடு ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம்.
வதனி என்று என் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்
ஒரு பானை சோறு வெந்துவிடும்.
அவசரமில்லாதவர்களின் அலைவரிசை இது.
நானோ
கொதிக்கும் தேத்தண்ணியில் வாய் வைத்துச் சுட்டுக்கொள்கிறவள்.

வைகாசியில் முதல் பிழை.
சுருள் சூடாகிறதா என்று
ஓடும்போதே தொட்டுப் பார்த்தேன்.
கரண்ட் அடிக்கவில்லை,
அடித்திருந்தால் கையை இழுத்திருப்பேன்.
விரல் நுனியில் வெள்ளையாய் ஒரு துளை,
கருவாடு சுட்ட மணம்,
வலி பிறகுதான் வந்தது,
நிலாவெளி பஸ் மாதிரி.

முகாமிலிருந்து இரண்டு பேர் வந்து
அனுமதிக் கடிதத்தை
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள்.
யாரோடு கதைக்கிறீர்?
கிண்ணியாவோடு.
போன் இல்லையா?
இருக்கு, என்றேன்.
அதைத்தான் அவர்கள் நம்பவில்லை.

மீன் வெட்டும் பிளாஸ்ரிக் பலகையை அறுத்துக்
கம்பி நுனிக்குக் காப்பு வைத்தேன்.
கச்சான் அடங்கிய நாளில்
கடல் தன் உப்பை அதில் மெல்லப் பூசிவிட்டுப் போனது.
இறக்கிப் பார்த்தால்
எறும்பு போன வழிபோல ஒரு கரிக்கீறு.
துடைத்தேன். திரும்பவும் ஏற்றினேன்.
புதிதாய் ஒன்று அறுத்திருக்கலாம்.
அறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு, ஏழரை.
குற்று.
குற்று.
குற்று.
பனையடியில் ஊதாவாய் ஒரு பூ,
கடுகு தாளித்து அடங்கும் சத்தம்.
நான்காவதாய்க் கோட்டைத் தொடங்கினேன்.
பத்தாயிரமோ இருபதாயிரமோ, எத்தனை வோல்டோ,
காப்பைத் தாண்டிக் காவோலைக்குள் குதித்தது.

காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள்.
அன்று அது சிரிக்கவில்லை.

நௌஸாத் ஒருவனுக்கென்று
மயிரிழையாய்ச் சீவி அனுப்பிய சொல்
ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.
பெனடிக்டா அக்காவின் ரீவியில்
நாடகத்து மருமகளின் முகம் கோடு கோடாய்க் கிழிந்தது.
சந்தியில் நின்ற ஓட்டோவின் றேடியோ இருமியது.
கோயில் ஒலிபெருக்கியில்
தேவாரத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு
கரகரவென்று நான்.

"வதனி, பனை எரியுது! நிப்பாட்டு!"
வேலிக்கு மேலால் வாளியோடு அக்கா.

நெருப்பை நான் நாற்பதாவது நொடியிலேயே கண்டுவிட்டேன்.
கை ஆளியில்தான் இருந்தது.
வாய் எண்ணிக்கொண்டிருந்தது:
எழுபத்தெட்டு,
எழுபத்தொன்பது.
பிறந்ததிலிருந்து இல்லாத பொறுமை
அன்றுதான் எனக்கு வந்தது.

தொண்ணூறு.

பிறகு ஓடினேன். நைலோன் கயிறு உருகி
சொட்டுச் சொட்டாய் மணலில் விழுந்தது.
ஏழு வாளித் தண்ணீர்.
ஐந்து அக்காவுடையவை,
இரண்டு யாருடையவை என்று இன்னும் தெரியாது.
வீடுவீடாய்ப் போய்க் கேட்கவும் வெட்கம்.

ஒன்பது மணிக்கு நௌஸாத் எடுத்தான்.
மூன்று குற்றும் வந்தது, என்றான்.
பிறகு ஒரு கோடு வந்து
பாதியில் திரை முழுக்கப் பனி மாதிரி வெளுத்துப் போச்சு.
ஆனா முடியிற இடம் தெரியுது.
சரியாத் தொண்ணூறு.
அங்க என்ன நடந்தது?

சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
திரையைப் படமெடுத்துப் போனில் அனுப்பினான்.

அது மூன்று நொடியில் வந்து சேர்ந்தது.